பூ வராத இடம்

அந்த அக்கா எதையும் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. புறங்கையால்தான் தொடுவார். தேநீர் டம்ளர் என்றாலும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் என்றாலும், கோயிலில் தீபாராதனை முடிந்து கீழே வைத்த தட்டு என்றாலும் முதலில் புறங்கைதான் போகும். விரல்களை மடக்கிக்கொண்டு ஒரு விநாடி வைப்பார். எடுப்பார். பிறகு மறுபடி வைப்பார். முதல் தடவை தொட்டதை அவரே நம்ப மாட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

நான் அப்போது கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் வடக்கே, சதுப்புக் காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தேன். முன்வாசலில் இரண்டு ஆண்கள். பின்வாசல் கேட் எனக்கு. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, சுற்ற மனமில்லாத ஒரு காற்றாடி, தடித்த பதிவுப் புத்தகம் ஒன்று. வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், வந்த நோக்கம் என்று நான்கு கட்டங்கள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை அது. "சம்பளம் கொடுக்காட்டியும் இவ சும்மாவே செய்வா லா," என்று என் வீட்டுக்காரர் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் பொய் இல்லை. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டாரில் மீன் கொண்டுவருகிறவன் என்னைக் கண்டதும் கேட்காமலே செவுளைப் பிரித்துக் காட்டுவான்.

அப்படிப்பட்ட என் கேட்டுக்கு அவர் முதன்முதலில் வந்தது ஒரு மார்ச் மாதம். காட்டின் ஓரம் எரிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு மூன்று நல்ல மழை. புகை நின்றுவிட்டது, தீ அணைந்துவிட்டது என்று மேனேஜர் சொல்லி, எல்லோரும் முகமூடிகளைக் கழற்றி எறிந்திருந்தோம்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ், தோளில் துணிப்பை. மோட்டாரின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டியிருந்தார். கம்பியைப் பார்த்ததும் எனக்கு மூக்கு வியர்த்தது.

"எங்க போறீங்க?"

"பூ பாக்கப் போறேன், தங்கச்சி."

"அங்க எல்லாம் எரிஞ்சு போச்சு. என்ன பூ இருக்கு?"

"எரிஞ்சதுனாலதான்," என்றார்.

காட்டில் மரக்கன்று நடும் வேலைக்கு முன்பு போனவராம். அதற்காகக் கொடுத்த அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். தேதி முடியவில்லை. தடுக்கக் காரணம் கிடைக்காத எரிச்சலோடு கேட்டைத் திறந்துவிட்டேன். மேனேஜர் படிக்க வேண்டும் என்பதால் புத்தகத்தை மலாயில்தான் எழுதுவோம். நோக்கம் என்ற கட்டத்தில் 'பூ பார்க்க' என்பதை மலாயில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார். தஞ்சோங் காராங் பக்கம் ஒரு பிளாட்டில் தனியாக இருந்தார். காலையில் செகிஞ்சானில் ஒரு நெல் ஆலையில் வேலை. அங்கேயும் இதே கதைதானாம். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடு பிடிக்கும் என்று ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாராம். சீன முதலாளி திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பத்து மூட்டைக்கு ஒன்று அவர் சொன்னபடி உள்ளே வெந்திருக்குமாம். இதையெல்லாம் நான் அவரிடம் கேட்கவில்லை. ஆலையில் வேலை செய்யும் என் சித்தி மகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பேச்சும் ஒரு மாதிரி. எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தன் தம்பியோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். ஒரு நாள் கேட் பக்கம் வந்து, எல்லாம் சமாதானமாகிவிட்டது, நேற்று ஒன்றாகச் சாப்பிட்டோம் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா, அறிமுகமே இல்லாத அந்த மனிதரிடம், "அணைஞ்சிருச்சா, இல்ல தூங்குதா?" என்று கேட்டார். கிராணியின் முகம் விழுந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அண்ணனும் தம்பியும் மறுபடி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார்கள். அக்கா வாய் வைத்ததுதான் காரணம் என்று கிராணி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து அந்தக் கேள்வி தோட்டத்தில் பரவிவிட்டது. யாராவது குடியை விட்டுவிட்டேன் என்றால், பக்கத்தில் இருப்பவன் புறங்கையை அவன் நெற்றியில் வைத்து, "அணைஞ்சிருச்சா, தூங்குதா?" என்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டின் தரை சரியான மண்ணே அல்ல. காலகாலமாக விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் ஊறி, முழுக்க மட்காமல் கிடக்கிற கறுப்புக் குவியல். மலாய்க்காரர்கள் கம்புட் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அது காய்ந்து, தரையே விறகாகிவிடும். தீ பெரும்பாலும் மேலோடு ஓடிவிடும். புல்லையும் சருகையும் தின்றுவிட்டுப் போய்விடும். சில இடங்களில் மட்டும் கீழே இறங்கிவிடும். இறங்கிவிட்டால் சுடர் இல்லை, பல நாள் புகைகூட இல்லை. மாதக்கணக்கில் உள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், மேலே புகையைக் காணவில்லை என்றால் அணைந்துவிட்டது என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது.

ஏப்ரலில் ஒரு ஓய்வு நாளில் நான் அவரைப் பின்தொடர்ந்து போனேன். வீட்டுக்காரரின் மோட்டாரை எடுத்துக்கொண்டு, துணி உலர்த்தும் கயிறு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கால்வாய்க் கரையில் மோட்டாரைப் படுக்க வைத்துவிட்டுக் கருகிய மரங்களுக்கு நடுவே நடந்தேன்.

அங்கே பார்த்ததை இன்று வரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தண்டு தண்டாக எழுந்து, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் நாலைந்து ஊதாப் பூக்கள். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். இலைகள் செம்பனைக் கன்றின் இலை மாதிரி மடிப்பு மடிப்பாக அப்போதுதான் துளிர்த்திருந்தன. அந்தச் செடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காட்டின் அடியில், பெரிய மரங்களின் நிழலில், ஏதோ புல் என்று எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிற செடி. அது பூக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

அக்கா பூக்களுக்கு நடுவே நிற்கவில்லை. பூக்கள் இல்லாத ஒரு திட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். இரும்புக் கம்பியைத் தரையில் மெதுவாக இறக்கினார். நூறு எண்ணுகிற நேரம் காத்திருந்தார். கம்பியை உருவி அதன் நுனியில் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு பையிலிருந்து பழைய சிவப்புப் புடவையில் கிழித்த ஒரு துணித்துண்டை எடுத்து, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அதில் கட்டினார். அப்படிப் பல குச்சிகள் அங்கங்கே தெரிந்தன.

காட்டைத் திருட வருகிறவர்கள் எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வார்கள். குச்சி நட்டுத் துணி கட்டி அளவெடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் எரியும். எரிந்த இடத்தில் யாரோ கன்று நட்டிருப்பார்கள்.

"மறைஞ்சு நிக்காத தங்கச்சி, கால் வலிக்கும்," என்றார் திரும்பாமலே.

வேறு வழியில்லாமல் கிட்டே போனேன். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"இது நெழல்ல இருக்கும்போது வெறும் எலைதான். வருசக்கணக்கா பூக்காது. தீ மேல ஓடிருச்சுன்னா எலையெல்லாம் கருகிரும். ஆனா கெழங்கு ரெண்டு வெரல் ஆழத்துல பத்திரமா இருக்கும். மேல மரமெல்லாம் போயி வெளிச்சம் வருதுல்ல, அப்ப எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுப் பூத்துரும்."

"அப்ப இந்த எடம்?"

"இங்க தீ எறங்கிருச்சு. கெழங்கு வெந்துருச்சு. வெந்தது எப்படிப் பூக்கும்?" கம்பியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர்தானே தண்ணி டேங்க் டிராக்டர் ஓட்டுறாரு? துணி கட்டுன பக்கம் அவர விட்டுறாத. கால் போயிரும்."

நல்ல மனசோடு கேட்டிருந்தால் அதில் எச்சரிக்கை இருந்திருக்கும். நான் கேட்ட காதில் அது மிரட்டலாகத்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று இவருக்கு யார் சொன்னது? அவர் காலைப் பற்றி இவருக்கு என்ன? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அத்தனை பூ இருந்தும் அவர் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. ஒரு பெண் பூ பார்க்கப் போய்விட்டு வெறும் தலையோடு, வெறும் கையோடு வருவாளா? அன்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தீ வந்தால்தான் அந்தப் பூ வரும். அந்தப் பூ என்றால் இவருக்கு உயிர். அப்படியென்றால் இவருக்குத் தீ வேண்டும். எனக்கு அது கணக்குப் போல நேராக வந்தது.

ஆடி மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் வந்தார். எல்லோரும் வெறுங்காலோடு நிற்க, அவர் மட்டும் பூட்ஸைக் கழற்றிவிட்டு இடது காலில் மட்டும் காலுறையோடு நின்றார். "கோயிலுக்குள்ள ஸ்டோக்கிங் போட்டுட்டு வராங்க பாரு," என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். அவர் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னேன். அவர் குனிந்து காலுறையை இழுத்து விட்டுக்கொண்டார், அவ்வளவுதான். யாகம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு குண்டத்துக்குப் பக்கத்தில் போய் புறங்கையை நீட்டினார். "எல்லாம் ஆறிப் போச்சும்மா, வாங்க சாப்பிட," என்றார் பூசாரி. அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து சாம்பலில் ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி எழுந்து பூசாரியின் கண்ணாடியை மூடிவிட்டது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாம்பலுக்குள் நெருப்பு இருப்பது இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி புகை கிளம்பியது அதே மாதக் கடைசியில். பின்வாசலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே மெல்லிய கோடு. நான் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். புகை தெரிந்தது வெள்ளிக்கிழமை. அக்கா வந்துபோனது செவ்வாய்க்கிழமை. மே மாதம் ஒரு சின்னத் தீ வந்ததே, அதையும் பார்த்தேன். புகைக்கு நாலு நாள் முன்னால் அவர் வந்திருக்கிறார். இரண்டு தடவையும் அவர் துணி கட்டிய பக்கத்திலிருந்துதான் புகை வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஆமாம், சந்தோஷம்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். தேதிகளைக் காட்டினேன். துணியைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கால் போய்விடும் என்று மிரட்டினார் என்றும் சொன்னேன். மேனேஜர் இரண்டு உத்தரவு போட்டார். அந்தப் பெண்ணை இனி உள்ளே விடக்கூடாது. துணிகளை எல்லாம் அகற்றிவிட வேண்டும்.

அன்று வீட்டுக்காரரிடம், உத்தரவைச் சொல்லாமல், மிரட்டலையும் துணியையும் பற்றி மட்டும் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "துணி இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன செய்யுது அது?" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், யாரையும் நம்பிவிடுவார்.

மறுநாள் புகை அடங்கிய பக்கமாகப் பார்த்து நானே போனேன். என் பாதத்தை எங்கே வைத்தேன், எங்கே வைக்கவில்லை என்று இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஒல்லியான உடம்பு, குச்சிகள் எல்லாம் திட்டுகளின் ஓரத்தில் இருந்தன, அதனால்தான் தப்பினேன். துணிகளை அவிழ்த்து, குச்சிகளைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தேன். மொத்தம் முப்பத்தேழு துண்டுகள். கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் உடைந்து, கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தேன். எல்லாவற்றையும் சாட்சிக்காக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மேசைக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு என்றேன். கேட்டின் மேல் கம்பியில் புறங்கையை வைத்தார்.

"துணி இருக்குல்ல? அது போதும்," என்றார். திரும்பிப் போய்விட்டார்.

அவிழ்த்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மூன்றாம் நாள், மதியம், வோக்கி டோக்கியில் ஒருவன் கத்தினான். என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்றான். தண்ணீர் பம்பைக் கால்வாய்க் கரையில் வைக்கப் போனவர், டிராக்டரை நிறுத்திவிட்டுக் குறுக்கே நடந்திருக்கிறார். நல்ல வெயில். புகை இல்லை. தரையில் பெரணிச் செடிகூட ஒன்றிரண்டு பச்சையாக இருந்ததாம். வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. உள்ளே எல்லாம் கங்கு. கூட இருந்த இரண்டு பேர் தண்ணீர்க் குழாயை அவர் இடுப்பில் சுற்றி இழுத்திருக்கிறார்கள். பூட்ஸ் உள்ளேயே உருகித் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது. அப்போதும் அவர் என்னைத் தேற்றத்தான் பேசினார்.

"நான் பாத்துத்தான் நடந்தேன். நீ ஏதோ மிரட்டலு அது இதுன்ன. ஆனா துணி கட்டியிருந்தா நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன், சுத்திப் போவேன். அன்னிக்குத் துணியக் காணோம். சரி, ஆறிப் போச்சு, அந்த அக்காதான் அவுத்துட்டாங்க போலன்னு நெனச்சேன்."

நான் எழுந்து கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அவர் விழுந்த இடம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய்க்குப் பக்கத்தில், பல்லால் கடித்து அவிழ்த்த அந்த முடிச்சு.

பிறகுதான் மெல்ல மெல்ல அந்தத் தேதிகளும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. புகை தெரிந்த நாளைத்தான் நான் தீ பிறந்த நாள் என்று எழுதியிருந்தேன். அந்தத் தீ பிப்ரவரியிலேயே பிறந்தது. ஒரு நாளும் அது அணையவில்லை. பூ வராத இடங்களைப் பார்த்து அது எங்கே படுத்திருக்கிறது என்று அக்கா தேடிக்கொண்டிருந்தார். அவர் தொட்டுப் பார்த்த இடத்திலிருந்து புகை வராமல் வேறு எங்கிருந்து வரும்? என் புத்தகத்தில் இருந்த ஒரு தேதியும் பொய் இல்லை. அதை நான் படித்த விதம்தான் பொய்.

மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கட்டுப் போட்ட காலுக்கு ஒரு சாண் மேலே புறங்கையைப் பிடித்தார், தொடாமல். எடுத்தார். மறுபடி பிடித்தார்.

"எத்தன வெரல்?" என்று கேட்டார்.

"மூணு எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு, அக்கா," என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது காலின் காலுறையைக் கழற்றினார். அந்தப் பாதத்தில் ஒரு விரல்கூட இல்லை. முன்பக்கம் வழவழவென்று ஒரு சதைத் திரட்சி மட்டும் இருந்தது.

"எனக்கு அஞ்சும். காட்டுல கன்னு நட்டுக்கிட்டு இருந்தப்போ. அணைஞ்சிருச்சுன்னு சொன்னாங்க, நானும் நம்பி நடந்தேன்," என்றார். "செருப்புதான் நிக்காது. பூட்ஸ் போட்டுக்கிட்டா ஓடலாம். உங்களுக்கு ரெண்டு மிச்சம் இருக்கு, நீங்க செருப்பே போடலாம் லா."

என் வீட்டுக்காரர் விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். கோயிலில் அந்தக் காலுறையைப் பற்றி நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா காலுறையை நிதானமாக மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என் துணியெல்லாம் எங்க?"

"டின்னுல இருக்கு, அக்கா."

"எல்லாம் இருக்கா?"

"முப்பத்தேழும் இருக்கு."

"வா. அங்க இன்னும் ஆள் நடக்குது," என்றார்.

அவ்வளவுதான் பேசினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அது அதோடு முடிந்திருக்கும். உத்தரவை மீறி நானே கேட்டைத் திறந்துவிட்டு அவரோடு உள்ளே போனேன். குச்சிகளை நான் வெட்டிக் கொடுக்க, அவர் துணி கட்டினார். முப்பத்தேழு இடமும் அவருக்கு நினைவில் இருந்தது. கால்வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அந்தக் குழியைப் பார்த்தேன். வாளி அகலம்தான் இருந்தது. அதைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு பூத்தண்டும் இல்லை. பத்தடி தள்ளி, பூத்து முடிந்த தண்டுகள் காய்ந்து நின்றன. ஏப்ரலில் அங்கே எவ்வளவு ஊதா இருந்திருக்கும் என்று அந்தக் காய்ந்த தண்டுகளை வைத்தே சொல்லிவிடலாம். படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே எல்லாம் எழுதித்தான் இருந்தது.

துணிகளைப் பற்றி நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். சரி, இருக்கட்டும் என்றார். அந்த வாரமே டேங்க் தண்ணீரைச் சிவப்புத் துணி இருக்கிற இடமாகப் பார்த்து ஊற்ற ஆரம்பித்தார்கள். குழி குழியாக ஆவி வந்தது என்று டிராக்டரில் போனவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்காரரால் இனி டிராக்டர் ஏற முடியாது என்று ஆனதும், வருடக் கடைசியில் நாங்கள் தோட்டத்தை விட்டு புஞ்சாக் ஆலாம் பக்கம் வந்துவிட்டோம். இப்போது அங்கே மாணவர் விடுதி ஒன்றில் ஜாகா வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் வார்டனிடம் சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது என் புறங்கை தானாக எழுந்துவிடுகிறது. சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்தில் என் கடைசி நாளன்று அக்கா வந்தார். நல்ல மழைக்காலம். கால்வாய் நிறையத் தண்ணீர். வழக்கம்போலக் கம்பி, பை, பூட்ஸ்.

"பூ பாக்கப் போறேன், தங்கச்சி."

நோக்கம் என்ற கட்டத்தில் எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை. அவர் திரும்பி வரும் வரை, என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஹெல்மெட் மாட்டப் போனவரின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, என் மேல இருக்கிற கோவம் போயிருச்சா?"

அவர் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டினார். விரல்களை மடக்கிக்கொண்டு புறங்கையை என் மணிக்கட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இரண்டாம் தடவை கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார்.

"மேல ஒண்ணும் தெரியல, தங்கச்சி," என்றார். "இன்னும் நாலு மழை பேயட்டும். பூ வருதான்னு பாப்போம்."